அறுபதும் ஐம்பதும்

வோல்டேஜைச் சரிசெய்துவிட்டால் எந்த நாட்டு இயந்திரமும் நம் ஊரில் ஓடும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். மன்னார்குடிப் பக்கத்தில் என் தாய்மாமா நடத்தும் அரிசி ஆலையில் கண்டது அந்த எண்ணத்தை மாற்றியது.

வேறுவேறு வேகத்தில் சுழலும் இரண்டு ரப்பர் உருளைகளுக்கு நடுவே நெல்லைச் செலுத்தி உமியை உரிக்கும் முறை, நவீன அரிசி ஆலைகளோடு நம் வட்டாரத்தில் பரவியது. திருவாரூரில் அத்தகைய ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வுக்கூடமாக 1967-இல் தொடங்கியதே, வளர்ந்து இன்று தஞ்சையில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக இருக்கிறது.

மாமா வாங்கியது மேற்கு ஜப்பானில் ஓடிய பழைய இயந்திரம். மோட்டார்த் தகட்டில் 200 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றிருந்தது. ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60. 1890-களில் டோக்கியோ ஜெர்மனியிலும் ஒசாகா அமெரிக்காவிலும் ஜெனரேட்டர் வாங்கியதன் விளைவு அது. ஒரே நாடு இன்றும் இரண்டாகவே நிற்கிறது!

எலெக்ட்ரீஷியன் நம் 415 வோல்ட்டை 200 ஆக்க டிரான்ஸ்பார்மர் வைத்தார். இயந்திரம் ஓடியது. அரை மணியில் மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. அரிசியோடு உமியும் வந்தது. மூன்றாம் நாள் காயில் கருகியது. சம்பா அறுவடைக் காலம். வாசலில் நெல் மூட்டைகள். மாமாவுக்கோ வங்கிக் கடன்.

டிரான்ஸ்பார்மர் வோல்டேஜை ஏற்றும், இறக்கும். அலைகளின் எண்ணிக்கையைத் தொடாது. 60-க்கு 200 வோல்ட் என்றால் 50-க்கு ஏறத்தாழ 167 வோல்ட்தான் பொருந்தும். 200-ஐயே கொடுத்ததால் இரும்பில் காந்தப் பாயம் மிகுந்து, மின்னோட்டமும் சூடும் ஏறின. நான்கு துருவ மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1800 சுற்றுக்குப் பதில் 1500 சுற்றே சுழலும். உமியை இழுக்கும் விசிறியின் வேகமும் ஆறில் ஐந்தாகக் குறைந்தது. ஆனால் அதன் இழுவிசை முப்பத்தாறில் இருபத்தைந்தாகக் குறைந்துவிடும். உமி தங்கியது அதனால்தான்.

கும்பகோணத்தில் காயில் கட்டுபவர் ஒருவர் அதே மோட்டாரை 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றிக் கட்டிக்கொடுத்தார். மோட்டார் பக்கத்து 5 அங்குலப் புல்லிக்குப் பதில் 6 அங்குலம் போட்டோம். உருளைகளும் விசிறியும் பழைய வேகத்துக்கு வந்தன.

இங்கேதான் நான் கணக்கில் தவறினேன். வேகம் திரும்பினால் வலிமையும் திரும்பும் என்றேன். புல்லி வலிமையைத் தராது. 10 குதிரைத்திறன் மோட்டார் 50 ஹெர்ட்ஸில் எட்டுக்குச் சற்று மேல்தான் தரும். முழு அளவு நெல் விட்டதும் மீண்டும் சூடு. வரத்தைக் கொஞ்சம் குறைத்தோம், அடங்கிற்று.

மின்சாரத்தையே 60 ஹெர்ட்ஸாக மாற்றித் தரும் மின்னணுக் கருவி இப்போது கிடைக்கிறது. மாமா அதன் விலையைக் கேட்டார். “புல்லியே போதும்ப்பா” என்றார்.