பரஸ்பர நிதியில் மாதத் தவணை: விவசாயி கருத வேண்டியவை

சென்ற மே முதல் நாள் கிராம சபை கூடி முடிந்து, குடிநீர்த் தொட்டி பற்றிய தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் மடித்த தாளொன்றை நம்மிடம் நீட்டினார். மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் கட்டிவந்தால் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழப் பத்து லட்சம் ரூபாய் சேரும் என்று அதில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. "இது மெய்தானா ஐயா? ஊரிலே நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள்" என்று கேட்டார். கணக்கு மெய், ஆனால் ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் பணம் வளரும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது, அவ்வளர்ச்சிக்கு எவரும் பிணையில்லை என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு வந்தோம். அவர் முகத்தில் தெளிவு பிறக்கவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கு எழுதுகிறோம். எந்த நிதியத்தையும் பெயர் குறித்துப் பரிந்துரைப்பது நமது நோக்கமன்று.

கிராமத்தான் சேமிக்கத் தெரியாதவன் என்று பட்டணத்தில் பேசுவோர் உண்டு. அது தவறு. குதிரில் நெல்லாகவும், கொட்டிலில் கறவை மாடாகவும், வீட்டுப் பெண்களின் கழுத்தில் பொன்னாகவும், ஊர்ச் சீட்டிலும் அஞ்சலகத்திலும் அவன் தலைமுறை தலைமுறையாகச் சேமித்தே வந்திருக்கிறான். நாட்டின் தொழில்களில் சிறு பங்காளியாகிச் சேமிப்பதே அவனுக்குப் புதிது.

பரஸ்பர நிதி என்பது யாது? ஊரார் பலர் பணம் போட்டு ஒரு லாரி உரத்தை மொத்த விலைக்கு இறக்கி, போட்ட பணத்துக்கேற்பப் பிரித்துக்கொள்வதை நாம் அறிவோம். அவ்வாறே பல்லாயிரவரின் சிறு தொகைகளைத் திரட்டி, பல கம்பெனிகளின் பங்குகளையோ கடன் பத்திரங்களையோ வாங்கி நிர்வகிப்பது பரஸ்பர நிதியாகும். போட்ட பணத்துக்கு ஈடாக நமக்கு 'யூனிட்'கள் கிடைக்கின்றன. நிதியின் சொத்து மதிப்பைக் கணக்கிட்டு, ஒரு யூனிட்டின் விலையை வேலை நாள்தோறும் வெளியிடுகின்றனர். சொத்து அறங்காவலர் பொறுப்பில் இருக்கும். நிர்வாகக் கம்பெனி அதைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்கலாகாது. இவற்றையெல்லாம் கண்காணிப்பது செபி என வழங்கும் பங்குச் சந்தை வாரியம். அதற்குச் சட்டப்படியான அதிகாரம் 1992-இல் வந்தது.

இம்முறை நம் நாட்டுக்கு நேற்று வந்ததன்று. 1963-இல் நிறைவேறிய சட்டத்தின்படி அமைந்த யூனிட் டிரஸ்ட் ஆப் இந்தியா, 1964-இல் தன் முதல் திட்டத்தைத் தொடங்கிற்று. 1987 முதல் அரசுடைமை வங்கிகளும், 1993 முதல் தனியாரும் இத்துறையில் இறங்கினர். தனியாரில் முதலாவதாக வந்த நிதியம் சென்னையிலிருந்தே கிளம்பியது என்பது நம் வாசகர்க்கு ஒரு செய்தி. எனினும் அந்த 1964-ஆம் ஆண்டுத் திட்டத்துக்கே 2001 ஜூலையில் நெருக்கடி நேர்ந்து, யூனிட்டுகளைத் திரும்ப வாங்குவது நிறுத்தி வைக்கப்பட்டது. அரசின் கை பட்டது ஆதலின் குறையவே குறையாது என்று நம்பியிருந்த ஓய்வூதியக்காரர் பலர் அன்று கலங்கினர். பின்னர் அரசு முன்வந்து உதவியதாயினும், முதலீடு வேறு, வைப்புத்தொகை வேறு என்பதை நாடு அன்று கற்றது.

இனி மாதத் தவணைக்கு வருவோம். ஒருவர் மாதம் ஆயிரம் ரூபாய் கட்டுகிறார். முதல் மாதம் யூனிட் விலை 50 ரூபாய், அடுத்த மாதம் 40, மூன்றாம் மாதம் 25, பிறகு 40, ஐந்தாம் மாதம் மீண்டும் 50. அவருக்கு முறையே 20, 25, 40, 25, 20 ஆக 130 யூனிட்டுகள் கிடைத்திருக்கும். கட்டியது 5,000 ரூபாய். கையிலுள்ள யூனிட்டுகளின் மதிப்பு 6,500 ரூபாய். விலை தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருக்க, ஆதாயம் எங்கிருந்து வந்தது? விலை 25-க்கு இறங்கிய அந்த மாதத்தில் அவர் தவறாமல் கட்டியதிலிருந்துதான். அந்த ஒரு மாதத்தில் அஞ்சி நின்றிருந்தால் 4,000 கட்டி, 4,500 மதிப்பு மட்டுமே கண்டிருப்பார். இதனை மந்திரம் என்று கருதிவிடவும் வேண்டா. விலை ஏறிக்கொண்டே சென்றால், மாதாமாதம் கட்டியவரைக் காட்டிலும் முதலிலேயே மொத்தமாகப் போட்டவருக்கு ஆதாயம் மிகுதி. இறங்கிய விலை திரும்ப ஏறாவிடில் இருவருக்குமே நஷ்டம்.

காலத்தின் வேலை இதைவிடப் பெரிது. நூற்றுக்குப் பன்னிரண்டு என்று எண்ணாமல் பத்து என்றே வைத்துக் கணக்கிடுவோம். மாதம் ஆயிரம் கட்டினால் பத்தாண்டு முடிவில் சுமார் 2,06,000 ரூபாய். இருபதாண்டு முடிவில் சுமார் 7,65,000 ரூபாய். கட்டிய முதலைக் கழித்துப் பார்த்தால், முதற் பத்தாண்டின் ஆதாயம் 86,000. அடுத்த பத்தாண்டின் ஆதாயமோ ஏறத்தாழ 4,39,000. தென்னங்கன்று வைத்தவன் முதல் ஐந்து ஆண்டும் தண்ணீர் மட்டுமே ஊற்றுவது போன்றது இது. ஆயினும் அந்தப் பெருந்தொகையைக் கண்டு மயங்குதல் கூடாது. விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து ஏறுமாயின், இருபதாண்டுக்குப் பின் வரும் 7,65,000 ரூபாய் இன்றைய பணத்தில் சுமார் 2,88,000 ரூபாய்க்கே சமம். நமக்குக் காட்டப்பட்ட தாளில் இந்த வரி இல்லை.

பங்குகளில் இடும் நிதி ஆண்டுதோறும் சீராக ஏறுவதும் இல்லை. மும்பைச் சந்தையின் குறியீட்டெண் 2008 ஜனவரியில் இருபதாயிரத்தைத் தாண்டி நின்று, 2009 மார்ச்சில் எட்டாயிரத்தை ஒட்டி இறங்கியது. பழைய உயரத்தை மீண்டும் தொட 2010 நவம்பர் ஆயிற்று. அதனைக் கடந்து நிலைபெற 2013-இன் இறுதிக்கு மேலும் ஆயிற்று. 2020 மார்ச் 23-ஆம் நாள் ஒரே நாளில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு சரிந்தது.

அந்த 2020-இல் நமது ஒன்றியத்தில் நிகழ்ந்ததை இங்குக் கூறல் தகும். ஒரே ஊரைச் சேர்ந்த இருவர், 2018 ஜூனில் ஒரே நாளில் மாதம் ஆயிரம் ரூபாய் தவணை தொடங்கியவர்கள். ஒருவர் மல்லிகையும் சம்பங்கியும் பயிரிடுபவர். மற்றவர் மூன்று கறவை வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் அம்மையார். 2020 மார்ச் முடிய இருவரும் 22 தவணை, அதாவது 22,000 ரூபாய் கட்டியிருந்தனர். மாத இறுதியில் அதன் மதிப்பு பதினைந்தாயிரத்தை ஒட்டி இறங்கிவிட்டது. பூ விவசாயி ஏப்ரலில் அனைத்தையும் விற்றுப் பதினாறாயிரத்துச் சொச்சம் பெற்றுக்கொண்டார். அம்மையார் தொடர்ந்து கட்டினார். அவ்வாண்டு நவம்பரில், முப்பது தவணை கட்டிய நிலையில், அவர் கணக்கின் மதிப்பு முப்பத்தைந்தாயிரத்தைத் தாண்டிற்று.

இக்கதையைக் கேட்போர் அம்மையாரின் மனத்திடத்தைப் புகழ்ந்து, பூ விவசாயியின் அவசரத்தைக் குறை கூறுவர். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். நேரில் விசாரித்தபோது கண்ட உண்மை வேறு. ஊரடங்கில் கோயில்கள் அடைபட்டன, திருமணங்கள் நின்றன, பறித்த பூவை வாங்க ஆளில்லை. அந்த வாரமே அவருடைய ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் எரிந்துபோயிற்று. மோட்டாருக்கென்று அவரிடம் வேறு பணம் ஏதும் இல்லை. பாலோ அத்தியாவசியப் பொருள். சங்கம் கொள்முதலை நிறுத்தவில்லை. அம்மையாருக்குப் பால் பணம் வந்துகொண்டேயிருந்தது. சந்தை வீழ்ந்த அதே நாளில் பூ விவசாயியின் வருமானமும் வீழ்ந்தது. அவருக்குக் குறைவாக இருந்தது துணிவன்று, கைக்காப்புப் பணம்.

ஆகவே, எத்தனை ரூபாய் கட்டலாம் என்று கேட்கும் முன்னர், எந்தப் பணத்தைக் கட்டலாம் என்று கேட்பதே முறை. விதைக்கும் உரத்துக்கும் கூலிக்கும் உரிய பணத்தை இதில் இடலாகாது. ஒரு போகம் பொய்த்தாலும் குடும்பம் ஆறு மாதம் உண்பதற்கும், மோட்டார் போன்றது பழுதானால் மாற்றுவதற்கும் வேண்டிய தொகை முதலில் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அஞ்சலகத்திலோ இருத்தல் வேண்டும். பயிர்க் காப்பீட்டுப் பிரீமியம் அதற்கடுத்தது. கடன் இருப்பின் அதனை அடைத்தல் இவற்றோடு சேர்ந்தது. 'இரண்டு வட்டி' என்று நாம் எளிதாகச் சொல்வது ஆண்டுக்கு நூற்றுக்கு இருபத்து நான்கு. 'மூன்று வட்டி' முப்பத்தாறு. அதனைக் கட்டிக்கொண்டே பன்னிரண்டை எதிர்பார்த்து முதலீடு செய்வது, ஓட்டைக் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கிணற்றுக்கு நடப்பதாகும். நம்மிடம் தாளை நீட்டிய உறுப்பினருக்கு இத்தகைய கடன் நாற்பதாயிரம் உண்டு என்று பின்னர் அறிந்தோம். கடனை அடைத்த பிறகு தவணை தொடங்குமாறு கூறினோம்.

விவசாயிக்கு மாதச் சம்பளம் இல்லையே, மாதத் தவணை எங்ஙனம் கட்டுவது என்ற கேள்வி நியாயமானது. பால், பட்டுக்கூடு, காய்கறி போன்றவற்றில் அடிக்கடி பணம் காண்போர்க்கு இடர் இல்லை. சம்பா நெல்லோ கரும்போ மட்டும் பயிரிடுபவர், அறுவடைப் பணம் வந்ததும் ஓராண்டுத் தவணையைத் தனிச் சேமிப்புக் கணக்கில் ஒதுக்கிவிடலாம். அதிலிருந்து வங்கி மாதந்தோறும் தானே அனுப்பும். கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பினால் வங்கி கட்டணம் பிடிக்கும். மூன்று மாதம் தொடர்ந்து திரும்பினால் ஏற்பாடு ரத்தாகும். ஆயினும் அதுவரை சேர்ந்த யூனிட்டுகள் நம்முடையனவே. விளைச்சல் பொய்த்த ஆண்டில் தவணையை நிறுத்திப் பின்னர் தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விலை வீழ்ந்த நேரத்தில் சேர்ந்ததை விற்பதுதான் இழப்பு. பல திட்டங்களில் ஐந்நூறு ரூபாயிலும், சிலவற்றில் நூறு ரூபாயிலும் தொடங்க இயலும் ஆதலின் பெருந்தொகைக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை.

பத்தாண்டுக்குக் குறைந்த தேவைக்குப் பங்கு நிதி ஏற்றதன்று என்பது நமது கருத்து. கடன் பத்திர நிதிகள் ஏற்ற இறக்கம் குறைந்தவை. எனினும் ஆபத்தே இல்லாதவை அல்ல. 2020 ஏப்ரலில் ஒரு நிர்வாகக் கம்பெனி இத்தகைய ஆறு திட்டங்களை ஒருங்கே மூடிற்று. பணம் திரும்பி வந்ததாயினும் காத்திருக்க நேர்ந்தது. பங்கு நிதிகளிலும் பல வகை உண்டு. குறியீட்டெண்ணில் உள்ள பெருங்கம்பெனிகளின் பங்குகளையே அதே விகிதத்தில் வாங்கி வைக்கும் குறியீட்டு நிதியைப் புரிந்துகொள்வது எளிது. அதன் செலவும் குறைவு.

செலவு என்றோம். நிர்வாகச் செலவையும் முகவரின் தரகையும் நிதியிலிருந்தே பிடித்துக்கொள்வர். நாம் தனியே கட்டுவதில்லை ஆதலின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று கூடுதலாகப் பிடித்தால், மேற்சொன்ன பத்து ஒன்பதாகி, இருபதாண்டு முடிவில் 7,65,000-க்கு மாறாகச் சுமார் 6,72,000 மட்டுமே கிடைக்கும். ஏறத்தாழ 93,000 ரூபாய் குறைவு. தரகில்லாத நேரடித் திட்டம் 2013 ஜனவரி முதல் எல்லா நிதியங்களிலும் உண்டு. தாமே படிவம் நிரப்பிக் கணக்குப் பார்க்க வல்லவர் அதனைக் கொள்ளலாம். வீடு தேடி வந்து உதவும் முகவருக்குத் தரகு சேர்வதில் தவறில்லை. உதவினாரா என்று மட்டும் பார்த்துக்கொள்க.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இரண்டு செய்திகளில் விழிப்பாக இருத்தல் வேண்டும். முதலாவது, மாதம் இவ்வளவு நிச்சயம் தருவோம் என்று எவரேனும் ஊரில் பணம் திரட்டினால் அது பரஸ்பர நிதியன்று. 2012-இல் ஈமு கோழித் திட்டங்களில் நம் கொங்கு நாட்டு விவசாயிகள் இழந்ததை மறந்திருக்க மாட்டோம். மாதப் பராமரிப்புத் தொகை நிச்சயம் என்ற ஒரு சொல்லிலேயே அன்று மயங்கினர். தவணைப் பணத்தை முகவர் கையில் ரொக்கமாகக் கொடாமல், வங்கிக் கணக்கிலிருந்து நிதியத்தின் பெயருக்கே செலுத்துக. இரண்டாவது, பஞ்சாயத்தின் நிதி பொதுப்பணம். சட்டமும் விதிகளும் காட்டும் கணக்குகளிலன்றி வேறெங்கும் அதனை வைக்கலாகாது. நல்லெண்ணத்தோடு கூட இக்கேள்வியை நம்மிடம் ஒரு தலைவர் கேட்டதுண்டு என்பதால் எழுதுகிறோம்.

விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் இதற்கும் இல்லை என்று சிலர் எண்ணுகின்றனர். நிதியில் வரும் ஆதாயம் விவசாய வருமானம் ஆகாது. 2024 ஜூலையில் செய்த திருத்தத்தின்படி, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு நிதியில் ஒரு நிதியாண்டில் பெறும் ஆதாயம் 1,25,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை வரி உண்டு. சிறு முதலீட்டாளர் பலரை இது தொடாது.

சேர்வதற்குப் பான் அட்டை, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியன போதும். படிவத்தில் நியமனதாரர் பெயர் எழுதும் இடத்தை வெறுமனே விடுதல் கூடாது. அந்த ஊரில் முன்னரே சேர்ந்த நால்வரின் தாள்களையும் அம்மையாரின் தாள்களையும் வாங்கிப் பார்த்தோம். இருவர் அந்த இடத்தை நிரப்பவேயில்லை. ஒருவர் திருமணத்துக்கு முன் எழுதிய தமையனின் பெயரை மாற்றவில்லை. அவருடைய மனைவிக்கு அப்படியொரு கணக்கு இருப்பதே தெரியாது. மறுவாரம் மூவரும் மாற்றப் படிவம் கொடுத்துவிட்டதாக ஊராட்சிச் செயலர் தெரிவித்தார்.