கொம்பும் எலும்பும்

நுழையும்முன்

ஓர் உறுப்பை மட்டும் கண்டு உயிரினத்தின் இனத்தைத் துணிந்து கூறலாகுமா? டைனோசர்களின் கொம்புகளைக் கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

கொம்பின் அமைப்பு

சேலம், நாமக்கல் சமவெளியின் உழவர்கள் ஆலம்பாடி மாட்டை அதன் நீண்ட கொம்புகளால் அறிவர். மாட்டின் கொம்பில் நெற்றியெலும்பிலிருந்து வளர்ந்த எலும்புத்தண்டு உள்ளே இருக்கும். நகம் போன்ற கெரட்டின் உறை அதனைப் போர்த்தியிருக்கும். மாடு மடிந்தபின் உறை அழியும், தண்டு நீடிக்கும். கொம்புடைய டைனோசர்களின் புதைபடிவங்களில் பெரும்பாலும் எஞ்சியிருப்பதும் இத்தண்டே.

பெயர் மாறிய விலங்கு

1887இல் அமெரிக்காவின் டென்வர் நகரருகே இரு பெரிய கொம்புத்தண்டுகள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த ஒத்னியல் மார்ஷ், பைசன் என்னும் காட்டெருதின் கொம்புகள் எனக் கருதிப் பெயரிட்டார். பின்னர் மண்டையோட்டுடன் கூடிய கொம்புகள் கிடைத்தபோது உண்மை விளங்கிற்று. 1889இல் அவரே 'டிரைசெராடாப்ஸ்' என்னும் பெயரைச் சூட்டினார். 'முக்கொம்பு முகம்' என்பது அதன் பொருள்.

இனந்தோறும் வேறுபாடு

டிரைசெராடாப்ஸின் கண்களுக்கு மேல் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள இரு கொம்புகளும் மூக்கின்மேல் சிறுகொம்பும் இருந்தன. சென்ட்ரோசாரஸுக்கு மூக்குக் கொம்பே பெரிது. பாக்கிரைனோசாரஸின் மூக்கிலோ கொம்புக்கு மாறாகத் தடித்த எலும்புமேடு இருந்தது. பிடரிமேல் விரிந்த எலும்புக் கேடயம் பல இனங்களில் இரு பெருந்துளைகளை உடையது, டிரைசெராடாப்ஸில் துளையற்றது. வயதும் வடிவை மாற்றியது: இளமையில் பின்னோக்கி வளைந்த கண்மேற் கொம்புகள் முதிர்ச்சியில் முன்னோக்கித் திரும்பின.

இவ்வினங்களை இணைக்கும் அடையாளம் கொம்பன்று. மேலலகின் முனையில் அமைந்த தனியெலும்பே. கொம்பற்ற சிட்டகோசாரஸும் அவ்வெலும்பால் இக்குழுவைச் சேர்கிறது.

இந்திய மண்ணில்

குஜராத்தின் ராகியோலியில் 1980களில் எடுக்கப்பட்ட எலும்புகளுக்கு 2003இல் 'ராஜாசாரஸ் நர்மதென்சிஸ்' எனப் பெயரிடப்பட்டது. அதன் தலையில் ஒற்றைக் குறுங்கொம்பு உண்டு. எனினும் அது இருகாலில் நடந்த ஊனுண்ணி. டிரைசெராடாப்ஸின் குழுவைச் சேர்ந்ததன்று.

சேலம், நாமக்கல் பாறைகளுள் பெரும்பாலானவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழைமையானவை. அவை டைனோசர்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முற்பட்டவை. ஆகவே கிழக்கே அரியலூர்ப் பகுதியின் படிவுப்பாறைகளையே நாட வேண்டும். அங்குள்ள கல்லமேட்டில் கிடைத்த பேருருவ விலங்கு 'பிருகத்காயோசாரஸ்' எனப்பட்டது. முதலில் ஊனுண்ணியாகக் கருதப்பட்ட அது, பின்னர் நெடுங்கழுத்துத் தாவரவுண்ணியாக மதிப்பிடப்பட்டது. ஆனால் அவ்வெலும்புகள் சிதைந்து அழிந்தன. எஞ்சியவை படங்களும் குறிப்புகளுமே. மார்ஷின் முடிவைத் திருத்தப் புதிய எலும்புகள் துணைநின்றன. அழிந்த எலும்போ அடுத்த தலைமுறையின் வினாவுக்கு விடை தராது. ஆதலின் புதைபடிவத்தைக் கண்டெடுப்பதோடு கடமை முடிவதில்லை. காப்பதும் அறிவியற் கடமையே.

கற்பவை கற்றபின்

1. கொம்புள்ள ராஜாசாரஸ் விலக்கப்பட, கொம்பற்ற சிட்டகோசாரஸ் இக்குழுவில் சேர்க்கப்பட்டது ஏன்? விளக்குக.
2. உங்கள் ஊரில் புதைபடிவம் கிடைப்பின் அதனைக் காக்கச் செய்யத்தக்கன யாவை? வகுப்பில் கலந்துரையாடுக.