துருக்கியின் எழுத்துப் புரட்சி: 1928

என் பாட்டியாரிடம் ஒரு கையெழுத்து நூல் இருந்தது. வீட்டிலே பேசியதும் தமிழ். அந்த நூலில் உள்ளதும் தமிழ். ஆனால் எழுத்து மட்டும் அரபு எழுத்து. அரபுத் தமிழ் என்று எங்கள் ஊர்ப் பக்கம் சொல்வார்கள். பாட்டியார் அதனைத் தங்குதடையின்றி வாசிப்பார். பள்ளியிலே தமிழ் எழுத்தை மட்டும் கற்ற எனக்கோ அது வெறும் கோடும் புள்ளியுமே. மொழி வேறு, எழுத்து வேறு என்பதை நான் முதலில் உணர்ந்தது அந்நூலால்தான். துருக்கியின் வரலாற்றைப் படித்தபோது, 1928-ஆம் ஆண்டிலே ஒரு நாடு முழுவதும் என் நிலைக்குத் திருப்பப்பட்டதைக் கண்டேன். அந்த ஓராண்டுச் செய்தியே இக்கட்டுரை.

துருக்கி 1923-இல் குடியரசாயிற்று. 1924-இல் கிலாபத் ஒழிந்தது. அதனைக் காக்க வேண்டி நம் நாட்டிலே நடந்த கிளர்ச்சியை நண்பர்கள் அறிவர். 1926-இல் சுவிட்சர்லாந்தின் உரிமையியல் சட்டம் துருக்கிக்கு வந்தது. பின்னர் 1928 ஏப்ரலில், அரசின் மதம் இஸ்லாம் என்னும் வாசகம் அரசியல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. இறைவன் பெயரால் உறுதிமொழி எடுத்து வந்த மன்ற உறுப்பினர்கள் இனித் தங்கள் மானத்தின் பேரில் எடுக்க வேண்டியவரானார்கள். மே மாதத்தில் பழைய எண்கள் போய், இன்று நாம் எழுதும் 1, 2, 3 என்னும் எண்கள் வந்தன. எழுத்துக்கும் காலம் நெருங்கிவிட்டது என்பதை அறிந்தவர்கள் அப்போதே அறிந்திருப்பார்கள்.

பழைய எழுத்திலே உண்மையான குறை இருந்தது. துருக்கி மொழிக்கு எட்டு உயிரொலிகள். அரபு எழுத்திலே அவற்றைத் தெளிவாகக் காட்ட வழியில்லை. ஒரே எழுத்து நான்கு உயிர்களுக்கு நிற்கும். 'ஆனான்' என்று பொருள்படும் துருக்கிச் சொல்லும், 'இறந்தான்' என்று பொருள்படும் சொல்லும் எழுத்தில் ஒன்றே! ஒருவர் அமைச்சர் ஆனாரா, மாண்டாரா என்பதை இடம் நோக்கித்தான் உணர வேண்டும். ஆயினும் குறையைத் திருத்தவே முடியாது என்பதை நான் ஏற்கமாட்டேன். என் பாட்டியாரின் நூலிலே தமிழின் ஒலிகளுக்கெல்லாம் புள்ளியும் குறியும் சேர்த்து வழி கண்டிருக்கிறார்கள். முதல் உலகப் போர்க் காலத்திலே அன்வர் பாட்சாவும் உயிரொலிகளைத் தனித்தனியே காட்டும் திருத்தத்தைப் படையிலே புகுத்திப் பார்த்தார், அது நிலைக்கவில்லை. கமால் பாட்சா திருத்தத்தை நாடவில்லை. முற்றும் மாற்றத்தையே நாடினார். ஏப்ரலில் செய்ததும் இதுவும் ஒரே செயலின் இரு பகுதிகள் என்பது என் கருத்து. கிழக்கு நோக்கிய முகத்தை மேற்கே திருப்பியது அது.

புதிய எழுத்தை வகுக்க ஒரு குழு அமைந்தது. பரவ ஐந்தாண்டாவது வேண்டும் என்று குழுவினர் எண்ணினர். மூன்று மாதம் போதும், இல்லையேல் ஒருநாளும் நடவாது என்று கமால் கூறியதாகக் குழுவிலிருந்த ஃபாலிஹ் ரிஃப்கி பின்னாளில் எழுதினார். ஆகஸ்டு 9-ஆம் நாள் இரவு, இஸ்தான்புல் நகரின் சராய்புர்னு பூங்காவில் கமால் இதனை மக்களுக்கு அறிவித்தார். பிறகு கரும்பலகையும் சுண்ணக்கட்டியுமாக ஊர் ஊராகச் சென்றார். சிவாஸ், கைசேரி என்று நாட்டின் தலைவரே எழுத்துக் கற்பிக்கும் ஆசிரியரானார். நவம்பர் 1-ஆம் நாள் சட்டம் நிறைவேறியது, எழுத்துகள் 29. டிசம்பர் முதல் செய்தித்தாள்களும், 1929 சனவரி முதல் நூல்களும் புதிய எழுத்திலேயே அச்சாக வேண்டும்.

நேற்றுவரை நாளிதழ் படித்தவர் விடிந்ததும் எழுத்துக் கூட்டினார்! இதழ்களின் விற்பனை விழுந்தது. அரசு பொருளுதவி செய்து அவற்றைத் தாங்கிற்று. மறுபுறத்தில், 1929 சனவரியில் மக்கள் பள்ளிகள் திறக்கப்பட்டன. உழவரும் பெண்டிரும் வந்து பலகைகளில் அமர்ந்தனர். 1927-இல் ஏறத்தாழ பத்தில் ஒருவரே எழுத்தறிந்திருந்த நாட்டில், 1935-இல் ஐந்தில் ஒருவர் அறிந்திருந்தார். எழுத்தின் எளிமை மட்டுமே இதற்குக் காரணம் என்பாருடன் நான் மாறுபடுகிறேன். கடினமான எழுத்தை வைத்துக்கொண்டே ஜப்பான் எல்லோருக்கும் கல்வி அளித்தது. பள்ளிகள் திறந்ததே பெரிய காரணம். எளிய எழுத்து அதற்குத் துணை நின்றது. எனினும் பத்தில் ஒன்பது பேருக்கு இழக்க எழுத்தே இல்லை என்பதையும் மறக்கலாகாது. எழுத்தறிந்த ஒருவரின் துயரை மட்டும் பேசுவது நேர்மையன்று.

அந்த 29 எழுத்துகள் எல்லோருக்கும் இடம் தரவில்லை. குர்து மக்களின் மொழிக்கு வேண்டிய மூன்று இலத்தீன் எழுத்துகள் அதிலே இல்லை. அவற்றைப் பிள்ளைகளின் பெயரிலும் அறிக்கைகளிலும் எழுதியவர்கள் இச்சட்டத்தின் பேராலேயே வழக்குக்கு ஆளானார்கள். அந்தத் தண்டனை நீங்க 2014 வரை ஆயிற்று.

1927 அக்டோபரிலே கமால் 6 நாட்களில், 36 மணி நேரத்துக்கு மேலாக, விடுதலைப் போரின் வரலாற்றைப் பேசினார். 'நுதுக்' என்னும் பெயரில் அது நூலாக வந்தது. பழைய எழுத்திலேதான்! அடுத்த ஆண்டு எழுத்து மாறிற்று. 1932-இல் தொடங்கிய மொழிச் சீர்திருத்தம் அரபு, பாரசீகச் சொற்களையும் களைந்தது. பின்னர் வந்த துருக்கி மாணவர்களுக்குத் தங்கள் நாட்டுத் தந்தையின் சொற்பொழிவு விளங்கவில்லை. எழுத்தை மாற்றி அச்சிட்டதோடு அமையாமல், நடையையும் இக்காலத் துருக்கி மொழிக்குப் பெயர்த்தே அவர்கள் கையில் கொடுத்தார்கள்.