பெயர் நின்றது, எலும்பு மறைந்தது

நுழையும்முன்

மண்ணிலிருந்து ஓர் எலும்புத் துண்டு வெளிப்படுகிறது. அது எவ்விலங்கிற்கு உரியது? அவ்விலங்கு தழை மேய்ந்ததா, ஊன் தின்றதா? அறிவியல் அதுவரை அறியாத புதிய இனமா? அரியலூர் மண்ணில் கிடைத்த எலும்புகளின் வரலாறு இவ்வினாக்களை ஒவ்வொன்றாக நம்முன் எழுப்புகிறது.

கொங்குநாட்டில் கிணறு வெட்டுவோர் டைனோசர் எலும்பை எதிர்பார்க்க இயலாது. மேல்மண்ணை அடுத்துச் சுக்கான்பாறை, அதன்கீழ் ஆயிரம் அடி துளையிட்டாலும் முடிவுறாத கடும்பாறை என்பதே இந்நிலத்தின் அமைப்பு. இப்பாறைகள் டைனோசர்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே புவியின் ஆழத்தில் பெருவெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. காங்கேயத்தின் மணிக்கற்கள் இத்தகைய நிலத்திலிருந்தே கிடைக்கின்றன. மணி விளையும் பாறையில் எலும்பு தங்குவதில்லை.

எலும்பு கல்லாவதற்கு வண்டல் வேண்டும். இறந்த விலங்கின் உடலை மணலோ சேறோ விரைந்து மூட வேண்டும். நிலத்தடி நீரில் கரைந்துள்ள கனிமங்கள் எலும்பின் நுண்துளைகளில் மெல்லப் படிய வேண்டும். நொய்யலும் பவானியும் கலக்கும் காவிரியைப் பின்பற்றிக் கிழக்கே சென்றால், திருச்சிக்கு அப்பால், கொள்ளிடத்தின் வடபுறத்தில் அத்தகைய நிலம் எதிர்ப்படுகிறது. கிரெட்டேசியஸ் காலத்தில் இன்றைய அரியலூர், பெரம்பலூர் பகுதிகளுக்குள் கடல் புகுந்து நின்றது. அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லையே இன்று சிமெண்ட் ஆலைகள் வெட்டி எடுக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிளான்போர்டு இந்நிலத்தின் பாறை அடுக்குகளை ஆராய்ந்து வகைப்படுத்தினார். இங்குள்ள டைனோசர் எலும்புகளைப் பற்றி மேட்லி என்னும் அறிஞர் 1929இல் எழுதினார்.

கல்லமேட்டின் பேருடல்

அரியலூர் மாவட்டத்துக் கல்லமேடு என்னும் சிற்றூரை அடுத்த களிமண் அடுக்கில், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் பேருருவான எலும்புகள் சிலவற்றைக் கண்டனர். அவ்வடுக்கு டைனோசர் ஊழியின் இறுதிக் கட்டத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுப் பழமையுடையது. இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, கீழ்க்காலெலும்பு, முன்னங்கை எலும்பு, வால் முள்ளெலும்பு என்பன கிடைத்தவை. இடுப்பெலும்பின் நீளம் 1.2 மீட்டர். தொடையெலும்பின் கீழ்முனை மட்டும் 75 சென்டிமீட்டர் அகலம். கீழ்க்காலெலும்போ 2 மீட்டர்! உலகின் மிகப்பெரிய விலங்குகளுள் ஒன்றாகக் கருதப்படும் அர்ஜென்டினாவின் அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்காலெலும்பே 1.55 மீட்டர்தான் என்பதை ஒப்புநோக்கினால் வியப்பு மிகும்.

1980களின் பிற்பகுதியில் வெளிவந்த கட்டுரையில் அவர்கள் இதற்குப் ‘புருகத்காயோசாரஸ் மேட்லியி’ எனப் பெயரிட்டனர். பேருடல் எனப் பொருள்படும் வடசொற்களோடு பல்லி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் இணைந்தது முற்பகுதி. பிற்பகுதி மேட்லியின் நினைவுக்குரியது. ஆயின் அக்கட்டுரை இவ்விலங்கை ஊனுண்ணும் டைனோசர் வகையில் வைத்தது.

உண்டது எது?

உணவை அறியப் பற்களே முதற்சான்று. ஊனுண்ணியின் பல் கத்திபோல் வளைந்து, விளிம்பில் அரம்போன்ற கூர்களைக் கொண்டிருக்கும். தழையுண்ணிகளின் பற்களோ குச்சிபோலவோ இலைபோலவோ அமையும். பல் கிடைக்காதவிடத்துக் கால் பேசும். இரு காலால் ஓடி இரை பற்றிய ஊனுண்ணிகளின் நீண்ட எலும்புகள் உட்கூடுடையவை. நெடுங்கழுத்தும் நெடுவாலும் கொண்டு நான்கு காலால் நடந்த சௌரோபோடுகளின் கால்களோ கோயில் தூண்களைப்போல் பெரும்பாரம் தாங்குபவை. இவை பேரளவில் தழையை மெல்லாமலே விழுங்கிப் பெருவயிற்றில் நொதிக்கவிட்டுச் செரித்தன. கல்லமேட்டு எலும்புகளின் அளவும் வடிவும் இவ்வினத்திற்கே பொருந்துவன எனப் பின்வந்த ஆய்வாளர்கள் கண்டனர். அவர்கள் இவ்விலங்கைச் சௌரோபோடுகளுள் டைட்டனோசார் என்னும் பிரிவில் சேர்த்தனர். ஊனுண்ணி எனப் பதிவானது தழையுண்ணியாயிற்று.

புதியது என்பதற்குச் சான்று

பெரிதாக இருப்பதால் மட்டும் ஓர் எலும்பு புதிய இனமாகிவிடாது. அறியப்பட்ட இனங்கள் அனைத்தோடும் அதனை ஒப்பிட வேண்டும். வேறெதனிலும் இல்லாத தனிக்கூறு ஒன்றேனும் அதில் இருத்தல் வேண்டும். அக்கூறு, குட்டிக்கும் முதிர்ந்த விலங்கிற்கும் இடையிலான வேறுபாடாகவோ, மண்ணின் அழுத்தத்தால் நேர்ந்த கோணலாகவோ இருத்தலாகாது. எலும்பை மெல்லியதாகச் சீவி நுண்நோக்கியில் வைத்தால், மரத்தின் ஆண்டுவளையம்போன்ற வளர்ச்சிக் கோடுகள் வயதைக் காட்டும். இவை தெளிந்தபின், பெயரைத் தாங்கி நிற்பதற்கு ஒரு மாதிரி குறிக்கப்படும். அதுவே மூலமாதிரி. ஐயுறும் எவரும் அதனைச் சென்று பார்க்கலாம் என்பதே அதன் பயன்.

தனிக்கூறும் நிலையானதன்று. ஜபல்பூரில் 1828இல் ஸ்லீமன் கண்டெடுத்த வால் முள்ளெலும்புகளைக் கொண்டு 1877இல் லைடெக்கர் ‘டைட்டனோசாரஸ் இண்டிகஸ்’ எனப் பெயரிட்டார். முன்புறம் குழிந்தும் பின்புறம் பந்துபோல் புடைத்தும் இருப்பது அவ்வெலும்பின் சிறப்பு. அன்று அது புதுமை. நாளடைவில் அதே அமைப்பு உலகெங்கும் பல இனங்களில் காணப்பட்டதால், அப்பெயர் தனியோர் இனத்தைக் குறிக்கும் தகுதியை இழந்தது என 2003இல் அறிஞர் முடிவுசெய்தனர். 1997இல் மகாராட்டிரத்தின் தோங்கர்கான் குன்றுப் பகுதி எலும்புகளுக்கு டைட்டனோசாரஸ் என்னும் பெயரில் இடப்பட்ட இனமும் 2003இல் ‘இசிசாரஸ்’ எனத் தனிப்பெயர் பெற்றது. எலும்புகளை ஆராய்ந்த இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஆங்கில முதலெழுத்துகளே அப்பெயரின் தொடக்கம். நெடுங்காலம் காணாமற்போயிருந்த ஜபல்பூர் எலும்பு 2012இல் கொல்கத்தாவில் மீண்டும் கிடைத்தது.

ஜபல்பூரில் எலும்பு கிடைத்தது, பெயர் போயிற்று. கல்லமேட்டில் பெயர் நின்றது; எலும்பு போயிற்று. நீரில் ஊறும் களிமண்ணிலிருந்து எடுக்கப்பட்ட அவ்வெலும்புகள் மிக நொய்ந்தவை. கட்டுப்போட்டுப் பாதுகாக்க முயன்றும் அவை உதிர்ந்து அழிந்துவிட்டன என்ற செய்தி 2017இல்தான் கட்டுரை வழியே வெளிவந்தது. முதற்கட்டுரையில் இருந்தவையோ சில கோட்டோவியங்கள் மட்டுமே. எனவே, அவை எலும்புகளே அல்ல, கல்லான மரத்துண்டுகள் என்றும் சிலர் ஐயுற்றனர். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கும் வட்டாரத்தில் இவ்வையம் முற்றிலும் பொருந்தாதது என்று தள்ளிவிடவும் இயலாது. களத்தில் எடுத்த பழைய ஒளிப்படங்கள் 2022இல் வெளியிடப்பட்டபோது அவ்வையம் பெரிதும் நீங்கியது. அடுத்த ஆண்டு, இவ்விலங்கின் எடை நூறு டன்னை மிஞ்சியிருக்கும் என இருவர் கணித்தனர். எனினும் அளக்க எலும்பு இல்லாத நிலையில் அக்கணக்கை ஓர் உயர்ந்த ஊகமாகவே கொள்ளுதல் தகும்.

1979இல் இதே ஆய்வாளர்கள் அரியலூர்ப் பகுதியில் கண்டு பெயரிட்ட ‘திராவிடோசாரஸ்’ இன்னும் வழக்கில் உள்ளது. முதுகில் தட்டெலும்புகளைத் தாங்கிய ஸ்டெகோசார் வகைத் தழையுண்ணி என்றனர் அவர்கள். பிளீசியோசார் என்னும் கடல் ஊர்வனவற்றின் எச்சம் என்றனர் 1996இல் வேறு இருவர். அதனையும் ஏற்காதோர் உளர். கடல்படிவில் கிடைத்த, சிதைந்த எலும்புகளை வைத்து நடக்கும் இவ்வழக்கிற்கு நல்லதொரு புதிய எலும்புக்கூடே தீர்ப்பு வழங்க இயலும்.

தெரியுமா?

மகாராட்டிரத்தின் பிசுதுராவில் கிடைத்த, கல்லான டைனோசர் சாணத்தை ஆராய்ந்தோர் அதனுள் புல்லின் நுண்ணிய சிலிக்காத் துகள்களைக் கண்டனர். டைனோசர் காலத்திலேயே புல் இருந்தது என்பதை 2005இல் வெளிவந்த இவ்வாய்வு நிறுவியது. அச்சாணம் டைட்டனோசார்களுடையதாகக் கருதப்படுகிறது.

கற்பவை கற்றபின்

1. பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் 2020இல் கிடைத்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் எனச் செய்தி பரவியது. அவை அம்மோனைட்டு என்னும் கடலுயிரிகளைச் சூழ்ந்து படிந்த உருண்டைகள் என ஆய்ந்தோர் விளக்கினர். முட்டை என உறுதிசெய்ய எவ்வெச் சான்றுகளைத் தேடுவீர்கள்? குழுவாகக் கலந்துரையாடுக.

2. உங்கள் ஊரில் கிணறோ ஆழ்துளைக் கிணறோ தோண்டும்போது வெளிப்பட்ட மண், பாறை வகைகளை ஊர்ப் பெரியோரிடம் கேட்டு, அவர்கள் வழங்கும் பெயர்களுடன் பட்டியலிடுக.