வாசலில் ஓடும் ஆறு



ஐவேளைத் தொழுகையின் சிறப்பைத் தோழர்களுக்கு விளக்க நபி (ஸல்) அவர்கள் ஓர் ஆற்றை உவமையாக்கினார்கள். ஒருவரின் வீட்டு வாசலில் ஆறு ஓடுகிறது. அதில் அவர் தினமும் ஐந்து முறை குளிக்கிறார். அவர் மேனியில் அழுக்கு மிஞ்சுமா என்று கேட்டார்கள். மிஞ்சாது என்றனர் தோழர்கள். ஐவேளைத் தொழுகையும் அவ்வாறே. அதன் மூலம் அல்லாஹ் பாவங்களை அழிக்கிறான் என்று விளக்கினார்கள். (புகாரி 528)

இந்த ஹதீஸைச் சென்னை சிந்தாதிரிப்பேட்டையில், கூவம் கரையோர வீட்டில் இருந்துகொண்டு உங்கள் பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள். "அத்தா, இந்த ஆத்துல குளிச்சா அழுக்கு போகுமா, சேருமா?" என்று பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

கூவம் பிறவியிலேயே சாக்கடை அல்ல. திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்ற கிராமத்தின் பெயரைத் தாங்கி, வயல்களுக்கு நடுவே வருகின்ற சிற்றாறு அது. ஏறத்தாழ 70 கி.மீ. ஓடி, திருவேற்காடு, மதுரவாயல், அமைந்தகரை, சேத்துப்பட்டு, எழும்பூர் வழியாக வந்து, நேப்பியர் பாலத்தின் அருகே வங்கக்கடலில் கலக்கிறது. மழைக்காலத்தில் மேற்பகுதியில் ஓடுவது வானத்திலிருந்து இறங்கிய நீர். அந்த நீரைத் தூய்மையானது என்று அல்லாஹ் குர்ஆனில் கூறுகிறான். (25:48)

இப்போது மார்க்கச் சட்டத்தைக் கவனியுங்கள். நஜீஸ் கலந்து, நிறம், சுவை, வாடை ஆகியவற்றில் ஒன்று மாறிவிட்டால் அந்த நீர் நஜீஸாகிவிடும். எவ்வளவு அதிகமான நீராக இருந்தாலும் சரி. இதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே கிராமத்தில் உளூச் செய்யத் தகுதியான அதே ஆற்று நீர், சாக்கடை கலந்து நிறமும் வாடையும் மாறி நகரத்தைக் கடக்கும்போது, நம் ஆடையில் பட்டால் கழுவ வேண்டிய நீராகி விடுகிறது!

இடையில் என்ன நடந்தது? நம் கழிவுநீர் கலந்தது; நம் குப்பை விழுந்தது. நிலத்திலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டிற்கு மனிதர்களின் கைகள் செய்தவையே காரணம் என்கிறது குர்ஆன். (30:41)

நீர்த்துறை, நடைபாதை, நிழல் ஆகிய மூன்று இடங்களிலும் மலம் கழிப்பது சாபத்தைத் தேடித்தரும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். (அபூதாவூத் 26) தனி ஒருவரின் அசுத்தத்திற்கே இந்த எச்சரிக்கை என்றால், வீட்டுக் கழிவுக்குழாயைத் திருட்டுத்தனமாக மழைநீர்க் கால்வாயில் இணைத்துவிட்டு, தலையில் தொப்பியோடு முதல் ஸஃப்பில் நிற்பவரின் நிலை என்ன? குர்பானி கொடுத்த கையோடு குடலையும் எலும்பையும் பையில் கட்டி ஆற்றில் வீசுபவரின் நிலை என்ன?

"ஊரே கொட்டுகிறது, நான் ஒருவன் நிறுத்தினால் ஆறு சுத்தமாகிவிடுமா?" என்று கேட்கலாம். மறுமையில் ஆற்றின் கணக்கு முழுவதும் உங்களிடம் கேட்கப்படாது. நீங்கள் கொட்டியது கேட்கப்படும்.

எனவே இந்த வாரமே உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது என்று பாருங்கள். குர்பானிக் கழிவுகளை மாநகராட்சி வண்டியில் ஒப்படைக்க மஹல்லாவில் ஏற்பாடு செய்யுங்கள். உளூவில் குழாயைச் சிறிதாகத் திறங்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது ஏறத்தாழ முக்கால் லிட்டர் நீரில் உளூச் செய்தார்கள். (புகாரி 201)

நம் உள்ளங்களையும் நம் நீர்நிலைகளையும் தூய்மையாக்க அல்லாஹ் நமக்கு தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.