கிளாஸ் இல்லாத மொழியில் ஆப்ஜெக்ட்: புதிதாக வரும் பிள்ளைகளுக்கு

சி மொழியில் கிளாஸ் இல்லை, அதனால் ஆப்ஜெக்ட் முறையும் அதில் நடக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லினக்ஸ் கெர்னலைப் பாருங்கள். பெரும்பாலும் சி-தான், ஆனால் உள்ளே போனால் திரும்பிய பக்கமெல்லாம் ஆப்ஜெக்ட்.

1. முதலில் மறைக்கப் பழகுங்கள். எஃப்ஓபன் ஒரு ஃபைல் பாயிண்டரைக் கையில் கொடுக்கிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே படிக்கிறோம், எழுதுகிறோம், மூடுகிறோம். உங்கள் ஸ்ட்ரக்டும் அப்படியே இருக்கட்டும்: ஹெடரில் பெயர் மட்டும், உள்ளடக்கம் சி ஃபைலில்.

2. உருவாக்கும் ஃபங்ஷனை எழுதிய கையோடு அழிக்கும் ஃபங்ஷனையும் எழுதிவிடுங்கள்.

3. ஒரே அழைப்பு, ஆளுக்கொரு வேலை என்று வரும்போது ஃபங்ஷன் பாயிண்டர்களைக் கொண்ட அட்டவணை போடுங்கள். கெர்னலில் அதன் பெயர் ஃபைல் ஆபரேஷன்ஸ். திறக்க, படிக்க, எழுத, மூட என்று வேலைக்கொரு பாயிண்டர் அதில் உண்டு. வட்டில் உள்ள கோப்பு, பைப், சீரியல் போர்ட் எல்லாவற்றுக்கும் நீங்கள் அழைப்பது ஒரே ரீட்தான். எந்த ஃபங்ஷன் ஓட வேண்டும் என்பதை அட்டவணை முடிவு செய்கிறது. படிக்கும் ஃபங்ஷனே பதியப்படாத சாதனம் என்றால் கெர்னல் முதலில் அதைச் சோதித்து, ஈஇன்வால் என்ற பிழையைத் திருப்புகிறது. அந்தச் சோதனையை நீங்களும் விடாதீர்கள். வகைக்கு ஓர் அட்டவணை போதும், அதை கான்ஸ்ட் ஆக்குங்கள். ஒவ்வொரு ஆப்ஜெக்டிலும் பாயிண்டர்களைத் திணிப்பது வீண் நினைவகச் செலவு.

4. வாரிசு முறை வேண்டுமா? தாய் ஸ்ட்ரக்டை சேய் ஸ்ட்ரக்டின் முதல் உறுப்பாக வையுங்கள். ஸ்ட்ரக்டின் முகவரியும் முதல் உறுப்பின் முகவரியும் ஒன்றே என்பது 1989-இன் ஆன்சி தரமே கொடுத்த உறுதி. சி-யில் எழுதப்பட்ட பைத்தானான சிபைத்தானில் எண்ணோ பட்டியலோ, எல்லாம் பைஆப்ஜெக்ட் என்ற தலைப்பகுதியோடு தொடங்குவது இதற்காகத்தான். ஆனால் வரிசையை மாற்றிவிட்டால் கம்பைலர் வாயே திறக்காது. புரோகிராம்தான் கண்ட இடத்தில் விழும். அதனால் அந்த முதல் உறுப்பின் வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்.

5. ஒரே ஒரு வகைதான் இருக்கிறது என்றால் அட்டவணை வேண்டாம், நேராக அழையுங்கள். மேக்ரோக்களை அடுக்கி சி-க்குள் இன்னொரு மொழி கட்டாதீர்கள். உங்களுக்குப் பின் வருபவர் அதைப் படிக்க முடியாமல் தவிப்பார்.

இந்த வாரமே சிபைத்தானின் ஆப்ஜெக்ட் ஹெடரைத் திறந்து, வரி வரியாக உட்கார்ந்து படியுங்கள், பிள்ளைகளே.