பிக்கை எது அசைக்கட்டும்: விரலா, மணிக்கட்டா, முழங்கையா?

கிட்டார் கற்பவர்கள் இடக்கையைப் பற்றி நூறு கேள்வி கேட்பார்கள். வலக்கையைப் பற்றி வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: வேகம் ஏன் வரவில்லை? இன்னும் இரண்டு மணி நேரம் சாதகம் செய் என்று சொல்லிவிடுவது ஆசிரியருக்கு எளிது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, அந்த மாணவரின் பிக்கை எந்த மூட்டு அசைக்கிறது என்பதை. விரல்களும் கட்டைவிரலும் அசைக்கலாம், மணிக்கட்டு அசைக்கலாம், முன்கை தன் அச்சில் புரண்டு அசைக்கலாம், முழங்கை மடங்கி நீண்டும் அசைக்கலாம். நான்கிலும் வாசித்துப் பேர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நான்கும் ஒரே வேலைக்கு ஆகாது.

அதிகம் குழப்புவது விரல் அசைவுதான், அதனால் அதிலிருந்தே தொடங்கலாம். கட்டைவிரலின் நுனி மூட்டும் ஆள்காட்டி விரலின் மூட்டுகளும் மடங்கி நீள, பிக்கின் முனை சில மில்லிமீட்டர் போய் வரும். மணிக்கட்டு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே இருக்கும். முனை நேர்கோட்டில் போகாமல் சின்ன நீள்வட்டம் போட்டால் சர்க்கிள் பிக்கிங் என்பார்கள். நோட்டில் பொடி எழுத்து எழுதும்போது விரல்கள் செய்கிற வேலைதான் இது. கரும்பலகை முன் நின்றால் அதே ஆள் தோளிலிருந்து எழுதுவார்.

இதன் பலம் நுணுக்கம். பிக்கின் முனை கம்பிக்குள் எவ்வளவு இறங்க வேண்டும், எந்தச் சாய்வில் தொட வேண்டும் என்பதை ஒவ்வொரு சுரத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். மெல்லிய ஜாஸ் மெட்டு, அக்கூஸ்டிக் கிட்டாரில் கம்பி கம்பியாகப் பிரித்து வாசிக்கும் ஆர்பெஜியோ போன்றவற்றில் இந்தக் கட்டுப்பாடு காதில் தெரியும். இன்னொரு பயனும் உண்டு. மணிக்கட்டு ஒரு கம்பியில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, விரல் சற்று நீண்டு பக்கத்துக் கம்பியை எட்டிவிடும்.

பலவீனத்துக்குக் காரணம் உடற்கூறு. விரல்களை மடக்கும் முக்கியத் தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அவற்றின் ஒன்பது தசைநாண்கள், நடு நரம்போடு சேர்ந்து, மணிக்கட்டில் உள்ள குறுகலான ஒரு சுரங்கம் வழியாக விரல்களுக்குப் போகின்றன. பிக்கைப் பிடிப்பதிலும் அதே தசைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆக, பிடியும் அசைவும் ஒரே இடத்தில் மோதிக்கொள்கின்றன. வேகம் கூடக் கூடப் பிடி இறுகும், பிடி இறுகினால் மூட்டு உறையும். அதைத் தவிர்க்கத் தளர்த்தினால் பிக் விரலுக்குள் திரும்பிக்கொள்ளும். பல மணி நேரம் விரலாலேயே வாசிப்பவர்கள் மணிக்கட்டை மடக்கி வைத்துக்கொண்டால் அந்தச் சுரங்கத்தில் அழுத்தமும் ஏறும்.

தூரமும் ஒரு கணக்கு. வழக்கமான எலக்ட்ரிக் கிட்டாரில் பிரிட்ஜ் அருகே ஒரு கம்பிக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய பத்தரை மில்லிமீட்டர் இடைவெளி, முதல் கம்பியிலிருந்து ஆறாவது கம்பிவரை 5 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். விரல் ஒரு கம்பியைத் தாண்டும். ஆறையும் தாண்ட முன்கைதான் கையைச் சுமந்துபோக வேண்டும். ஸ்ட்ரம்மிங்கை விரலால் செய்யலாமா என்று கேட்பவர்கள் ஒருமுறை செய்து பார்த்தால் போதும்.

எனவே பெரும்பாலானவர்களுக்கு நான் மணிக்கட்டைத்தான் முதலில் சொல்வேன். பிடிக்கும் தசைகள் பிடிக்கின்றன, அசைக்கும் வேலையை வேறு தசைகள் பார்க்கின்றன. உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜில் வைத்து ஒலியை அமுக்கும் பாம் மியூட் இதில் இயல்பாக வரும். மெட்டாலிக்காவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட், 1986இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாட்டின் ரிஃப்பை முழுக்க டவுன்ஸ்ட்ரோக்காகவே, அதாவது கீழடியாகவே அடிப்பார். நிமிடத்துக்கு ஏறக்குறைய 210 பீட், பீட்டுக்கு இரண்டு அடி, அதாவது நொடிக்கு ஏழு. அந்த வலுவை விரல் மூட்டிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எந்த மூட்டைத் தேர்ந்தாலும் ஒரு சிக்கல் கூடவே வரும். பிக் கம்பிகளின் தளத்துக்கு இணையாகவே போய்வந்தால் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். கம்பி மாற, மேலடியிலோ கீழடியிலோ முனை வெளியே எழும்ப வேண்டும். ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் வழியில் வந்த ஜிப்ஸி ஜாஸ் கலைஞர்கள் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். கீழடி அடுத்த கம்பியில் போய் அமரும், மேலடியில் பிக் வெளியே வரும், புதிய கம்பி எப்போதும் கீழடியில் தொடங்கும். அவர்கள் மணிக்கட்டை வளைத்து உயர்த்தி, கையைப் பிரிட்ஜில் ஊன்றாமல் வாசிப்பதற்கு ஒலியின் வீச்சு ஒரு காரணம், இந்த எழும்பல் இன்னொன்று. வேகம் வரவில்லை என்று புலம்புகிறவர்களில் பலருக்கு ஒரே கம்பியில் வேகம் ஏற்கனவே இருக்கிறது. தடுக்குவது கம்பி மாறும் இடத்தில்தான்.

முன்கைப் புரட்டல், கதவின் குமிழைத் திருகும் அசைவு. எடி வான் ஹேலன் ஒரே சுரத்தை விடாமல் அடிக்கும் ட்ரெமலோவைப் பழைய மேடைக் காட்சிகளில் பாருங்கள். உயர்ந்த மணிக்கட்டு, கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் பிக். படபடப்பான வேகம் வேண்டுமென்றால் இது அருமை. பாம் மியூட் நிறைய வேண்டுமென்றால் இடைஞ்சல்.

முழங்கையைத் தப்பு என்றே சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. 'மைண்ட்ஸ் ஐ' என்ற 1986 ஆல்பத்தால் அறியப்பட்ட வின்னி மூர் இதில்தான் பறந்தார். தோள் இறுகாதவரை தாராளமாகப் பயன்படுத்தலாம். மென்மையான வாசிப்புக்கு மட்டும் இதிலிருந்து தொடங்காதீர்கள்.

உங்களுக்கு எது என்று அறிய ஒரு சோதனை. இடக்கையால் ஒரு கம்பியை லேசாகத் தொட்டு ஊமையாக்குங்கள். மெட்ரோனோம் வேண்டாம். முடிந்த வேகத்தில் சில நொடிகள் மேலும் கீழும் அடியுங்கள், ஃபோனில் ஸ்லோ மோஷனில் பதிவு செய்யுங்கள். நான்கு மூட்டுகளையும் இப்படியே மாற்றி மாற்றிப் பாருங்கள். முயற்சியே இல்லாமல் எது ஓடுகிறதோ அதை முதன்மையாக வைத்துக்கொள்ளலாம். அதன்பின் மெட்ரோனோமை 120இல் வைத்துப் பீட்டுக்கு நான்கு சுரம் வாசியுங்கள். நொடிக்கு எட்டு. 150 என்றால் பத்து. விரலால் மட்டும் இந்த எட்டை இறுக்கமில்லாமல் தொட்டுவிட்டால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, விரலிலேயே இருங்கள். தொட முடியாதவர்கள் மணிக்கட்டுக்கு ஓட்டத்தைக் கொடுத்துவிட்டு, கம்பி தாண்டும் இடத்திலும் அழுத்தம் குறைக்கும் இடத்திலும் மட்டும் விரலை உதவிக்குக் கூப்பிடுவது நல்லது. கட்டைவிரலின் அடிமூட்டில் ஏற்கனவே வலி உள்ளவர்கள் விரல் வழியை விட்டுவிடுங்கள்.

விரலைத் தேர்ந்தவர்களுக்குப் பிக்கின் தடிமன் பெரிய விஷயம். 0.46 மில்லிமீட்டர் பிக் வளைந்து கொடுப்பதிலேயே சின்ன அசைவு முழுவதையும் விழுங்கிவிடும், அதை ஸ்ட்ரம்மிங்குக்கு ஒதுக்குங்கள். டன்லப் ஜாஸ் 3 போன்ற 1.38 மில்லிமீட்டர் குட்டிப் பிக்கில் விரல் அசைந்த தூரம் அப்படியே கம்பிக்குப் போய்ச் சேரும். கடைக்குப் போனால் இரண்டையும், நடுவில் 0.88இல் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். மூன்றும் சேர்ந்து ஒரு செட் கம்பியின் விலைகூட ஆகாது.